கோடை விடுமுறை: பிள்ளைங்களோட எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது? இ-பாஸ் முதல் அருவிக் குளியல் வரை முழு விவரம்

பரீட்சை முடிஞ்சாச்சு. புத்தகப் பையைத் தூக்கி பரண்மேல் போட்ட கையோடு, வீட்டில் அடுத்த கேள்வி வந்துவிடும்: "இந்த லீவுக்கு எங்கே கூட்டிட்டுப் போறீங்க?" இந்தப் பக்கம் பார்த்தால் கத்திரி வெயில். வழக்கமாக மே 4-ஆம் தேதி வாக்கில் தொடங்கி 28 வரை நீடிக்கும் அக்னி நட்சத்திரம், பள்ளி விடுமுறையின் நட்டநடுவில் வந்து உட்கார்ந்து கொள்கிறது. அதுக்காக ஒரு மாதம் முழுக்க பிள்ளைகளை ஃபேனுக்கு அடியில், செல்போனோடு உட்கார வைக்க முடியுமா?

முடியாது, தேவையும் இல்லை. வெயில் காலத்தில் வெளியே போவதற்கு நம்ம ஊரில் இடமும் உண்டு, விளையாட்டும் உண்டு. ஆனால் எந்த நேரத்தில், எந்தத் தண்ணீரில், எந்த அனுமதியோடு என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் கடிகாரத்தைப் பாருங்க

கோடையில் ஒரு நாளை மூன்றாகப் பிரித்துக்கொள்வது நல்லது. விடியற்காலை 5.30 முதல் 9.30 வரை வெளியே. 11 மணி முதல் 3.30 வரை கூரைக்குக் கீழே. மறுபடி 4.30-க்கு மேல் வெளியே. நம்ம தாத்தா பாட்டி வயல் வேலைக்கு வைத்திருந்த அதே கணக்குதான்.

மாமல்லபுரத்தையே எடுத்துக்கொள்வோம். மத்தியானம் 1 மணிக்கு ஐந்து ரதத்துக்குப் போனால், மணலும் கல்லும் கொதிக்கும். குழந்தை பத்து நிமிடத்தில் "போலாம்ப்பா" என்று இழுக்கும். அதே இடத்துக்குக் காலையில் திறந்த உடனே போய்ப் பாருங்கள். கடற்கரைக் கோயிலில் காற்று வாங்கியபடியே நிதானமாகச் சுற்றலாம். இந்தியர்களுக்கு 40 ரூபாய் டிக்கெட், 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். அர்ச்சுனன் தபசு பார்க்க டிக்கெட்டே வேண்டாம். 9.30-க்கு இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் வெயில் உறைக்கும் முன் வீடு வந்துவிடலாம்.

வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் இதே கணக்குதான். 1855-ல் சென்னை அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கி, 1985-ல் வண்டலூருக்கு மாறிய பூங்கா அது. பரப்பு 600 ஹெக்டேருக்கும் மேல். மத்தியான வெயிலில் மிருகங்களே நிழல் தேடிப் படுத்துவிடும். நாம் போய் வெறும் கூண்டைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். காலையில் போனால் யானை குளிப்பதைப் பார்க்கும் வாய்ப்பாவது உண்டு. வழக்கமாக செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மறந்துவிட்டு கேட் வரைக்கும் போய்த் திரும்புகிற குடும்பங்கள் வாராவாரம் உண்டு.

ஊட்டி, கொடைக்கானல்: இ-பாஸ் இல்லாம கிளம்பாதீங்க

கோடை என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஊட்டியும் கொடைக்கானலும்தான். கடல் மட்டத்திலிருந்து ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6 டிகிரிக்கு மேல் வெப்பம் குறையும் என்பது பொதுவான கணக்கு. கோயம்புத்தூரில் 38 டிகிரி அடிக்கும்போது ஊட்டியில் ஸ்வெட்டர் தேடுவது அதனால்தான்.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வாகனத்திலோ வாடகை வாகனத்திலோ போக இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் நீதிமன்றம் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000. 2025 நவம்பரில் வால்பாறையும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. வரம்பு சீசனுக்கு சீசன் மாறலாம் என்பதால், ரூம் புக் செய்வதற்கு முன்பே இ-பாஸ் கிடைக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுத்தான் சோதனைச் சாவடியில் கெஞ்சிக்கொண்டு நிற்கிறார்கள்.

இ-பாஸை தமிழக அரசின் இணையதளத்திலேயே எடுக்கலாம். செல்போன் எண், வண்டி எண், எத்தனை பேர், எந்தத் தேதி, எங்கே தங்குகிறீர்கள் என்ற விவரங்கள் போதும். கட்டணம் எதுவும் கிடையாது. "நான் எடுத்துத் தர்றேன், 500 ரூபா கொடுங்க" என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள்.

அரசுப் பேருந்திலோ ரயிலிலோ போகிறவர்களுக்கு இ-பாஸ் வேண்டாம். பார்க்கப்போனால் கோடையில் ஊட்டிக்கு அதுதான் புத்திசாலித்தனம். சீசன் நேரத்தில் கார்கள் குன்னூர் சாலை வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழிப் பாதையாக மாற்றிவிடுவார்கள். பார்க்கிங் கிடைக்காமல் ஊரைச் சுற்றுவதிலேயே பாதி நாள் போய்விடும். மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் புறப்படும் மலை ரயில் சுமார் 46 கிலோமீட்டரை ஏறி முடிக்க ஐந்து மணி நேரம் போல எடுத்துக்கொள்ளும். பல்சக்கரத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற இந்த ரயில் 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இடம் கிடைப்பதுதான் கஷ்டம். 60 நாட்களுக்கு முன்பே முன்பதிவு திறந்துவிடும், அன்றைக்கே உட்கார்ந்து எடுப்பவர்களுக்குத்தான் சீட்.

மே மாதம் ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, கோத்தகிரியில் காய்கறிக் கண்காட்சி என்று வரிசையாக நடக்கும். கண்காட்சி தொடங்கும் வார இறுதியைத் தவிர்த்துவிட்டு, அடுத்து வரும் செவ்வாய், புதனில் போங்கள். அதே பூக்கள்தான், முட்டி மோதாமல் பார்க்கலாம். அப்புறம், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை மலைக்குக் கொண்டு போகக்கூடாது. வழியில் சோதனை செய்து வாங்கிவிடுவார்கள். வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் வேண்டாமா? சின்ன மலைகள் இருக்கு

ஊட்டி, கொடைக்கானல் அளவுக்குக் குளிர் இருக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆனால் காலையும் இரவும் இதமாக இருக்கும், செலவும் குறைவு.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு, சுமார் 1,500 மீட்டர். இங்கேயும் மே மாதம் கோடை விழா உண்டு. சென்னைவாசிகளுக்கு ஏலகிரி வசதி: ஜோலார்பேட்டை வரை ரயிலில் போய், அங்கிருந்து பேருந்து. அந்தப் பாதையில் உள்ள 14 வளைவுகளுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். பாரி வளைவு, கம்பர் வளைவு என்று பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டே ஏறலாம். தலைசுற்றலும் தெரியாது. திண்டுக்கல் பக்கம் இருப்பவர்களுக்கு சிறுமலை, 18 வளைவுகள். நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்கு 70 வளைவுகள். வாந்தி வரும் குழந்தை இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள். கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்குவது சுலபம், ஏறுவதுதான் வேலை. முழங்கால் வலி உள்ள பெரியவர்களை மேலேயே நிழலில் உட்கார வைத்துவிடுவது நல்லது.

சொந்தமாக வண்டி ஓட்டுபவர்களுக்கு ஒன்று. ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். நியூட்ரலில் போட்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய்விடும். மலைச் சாலையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதலில் வழிவிட வேண்டும்.

அருவி, ஆறு, கிணறு: இங்கேதான் அதிகம் கவனம் வேணும்

கோடை விடுமுறையில் நம் செய்தி அறைக்கு வரும் செய்திகளில் மனதைப் பிசைவது எது தெரியுமா? "குளிக்கச் சென்ற மாணவர்கள் நீரில் மூழ்கி பலி." ஊர்ப் பெயர் மட்டும்தான் மாறும். குவாரிக் குட்டை, விவசாயக் கிணறு, தடுப்பணை, ஆற்றில் மணல் எடுத்த பள்ளம் என இடங்களும் ஏறக்குறைய அதேதான்.

ஏன் கோடையில்? ஆற்றில் தண்ணீர் குறைவாக இருக்கும்போது ஆபத்தும் குறைவு என்று நாம் நினைக்கிறோம். காவிரியை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டூர் அணை பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் 12-ல்தான் திறக்கப்படும். அதுவரை ஆற்றில் அங்கங்கே கணுக்கால் தண்ணீர்தான். ஆனால் மணல் எடுத்த இடத்தில் அடுத்த அடியே ஆளுயரப் பள்ளமாக இருக்கும். கலங்கிய தண்ணீரில் அது கண்ணுக்குத் தெரியாது. முழங்கால் ஆழத்தில் நடந்து கொண்டிருந்த பையன் திடீரென்று காணாமல் போவது இப்படித்தான். குவாரிக் குட்டையில் வேறு மாதிரி சிக்கல். சரிவே இல்லாமல் செங்குத்தாக இறங்கும் பாறை. நீச்சல் தெரிந்தவன்கூடக் களைத்துப்போனால் பிடித்து ஏற ஒரு பிடிமானம் கிடைக்காது.

இன்னொரு பழக்கமும் உயிரை வாங்குகிறது. ஒருவன் மூழ்கினால் காப்பாற்ற அண்ணன் குதிப்பான், அண்ணனைக் காப்பாற்ற நண்பன் குதிப்பான். ஒரே இடத்தில் மூன்று பேர் போவது அதனால்தான். மூழ்குபவர் பயத்தில் கையில் கிடைத்ததை இறுக்கிப் பிடித்து அமுக்குவார். எனவே குதிக்காதீர்கள். கத்திக் கூப்பிட்டு ஆள் சேருங்கள். கயிறு, வேட்டி, புடவை, நீளக் கம்பு என எது இருந்தாலும் கரையிலிருந்து வீசுங்கள். மூடி போட்ட காலி பிளாஸ்டிக் குடமோ கேனோ இருந்தால் அதையும் தூக்கிப் போடுங்கள், மிதக்கும். கூடவே 112 அல்லது 108-க்குப் போன் செய்யுங்கள். உங்கள் பிள்ளைக்கு நீச்சல் தெரியாவிட்டாலும் இந்த ஒரு விஷயத்தையாவது சொல்லிக்கொடுத்து விடுங்கள்.

அருவிக்கு வருவோம். "லீவுக்குக் குற்றாலம் போலாம்" என்று ஏப்ரலிலேயே கிளம்புபவர்கள் உண்டு. குற்றாலத்தில் சீசன் தென்மேற்குப் பருவமழையோடு ஜூனில்தான் தொடங்கும், ஆகஸ்ட் வரை போகும். ஏப்ரல், மே மாதங்களில் பல நாள் பாறைதான் இருக்கும். மழை பெய்தால் தண்ணீர் வரும், ஆனால் அது எப்படி வரும் என்பதற்கு ஒரு துயரமான உதாரணம் இருக்கிறது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் மக்கள் குளித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று வெள்ளம் பாய்ந்தது. 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். அருவி அருகே வானம் எப்படி இருக்கிறது என்பது முக்கியமே இல்லை. மலைக்கு மேலே மழை பெய்தால் போதும், சில நிமிடங்களில் கீழே வெள்ளம் வந்துவிடும்.

தண்ணீர் நிறம் மாறிக் கலங்கலாக வந்தாலோ, சருகும் குச்சியும் அடித்துக்கொண்டு வந்தாலோ, அருவிச் சத்தம் கூடினாலோ உடனே வெளியேறுங்கள். செருப்பு, துணி, போன் எதையும் தேட வேண்டாம். காவலர் விசில் அடித்தால் "இன்னும் ரெண்டு நிமிஷம் சார்" என்பதும் வேண்டாம்.

ஒகேனக்கல்லில் பரிசல் சவாரி கோடையில் நல்ல அனுபவம். கர்நாடகத்திலிருந்து வரும் நீரைப் பொறுத்து பரிசல் ஓட்டுவதற்கும் குளிப்பதற்கும் மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கும், நீக்கும். கிளம்பும் அன்று காலை செய்தியைப் பார்த்துவிட்டுப் போங்கள். லைஃப் ஜாக்கெட் தராத பரிசலில் ஏறாதீர்கள்.

சரி, பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கமே விடக்கூடாதா? நேர்மாறாகச் சொல்கிறோம். இந்த லீவில் அவர்களுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள். முன்பெல்லாம் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி, கிணற்றில் இறக்கி, மேலே மாமா நின்று பார்த்துக்கொள்வார். இப்போது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் நீச்சல் குளங்களில் கோடைகால நீச்சல் வகுப்புகள் நடக்கின்றன. உங்கள் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரித்தால் தேதி, கட்டணம் சொல்வார்கள். அதே அலுவலகத்தில் கபடி, வாலிபால், தடகளம் போன்றவற்றுக்குக் கோடைகாலப் பயிற்சி முகாம் பற்றியும் கேளுங்கள். காலையும் மாலையும்தான் பயிற்சி. வெயில் பிரச்சினை பாதி தீர்ந்தது.

கடற்கரைக்குப் போறீங்களா? அலையைவிட ஆமையைப் பாருங்க

மெரினாவில் காற்று வாங்கலாம், சுண்டல் சாப்பிடலாம், கால் நனைக்கலாம். குளிக்கக்கூடாது. அங்கே கடல் கரையிலிருந்து சட்டென்று ஆழமாகும், இழுப்பும் அதிகம். கொஞ்சம் வசதியான, சுத்தமான கடற்கரை வேண்டுமென்றால் சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் நீலக்கொடிச் சான்று பெற்ற பகுதி இருக்கிறது.

ஆனால் சென்னைக்காரர்கள் பலருக்குத் தெரியாத ஒரு கோடைக் காட்சி உண்டு. பங்குனி ஆமை எனப்படும் ஆலிவ் ரிட்லி கடல் ஆமைகள் ஜனவரி முதல் நம் கரைக்கு வந்து முட்டையிடும். ஒரு குழியில் நூறு முட்டைகள் போல இருக்கும். நாயும் நரியும் தோண்டாமல் இருக்க, வனத்துறையும் 1988 முதல் இயங்கிவரும் மாணவர்களின் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பும் முட்டைகளைச் சேகரித்து, பெசன்ட் நகர் போன்ற இடங்களில் உள்ள பொரிப்பகங்களில் புதைத்து வைக்கின்றன. 45 முதல் 60 நாட்களில் குஞ்சு பொரிக்கும். மார்ச் முதல் மே வரை சாயங்கால நேரத்தில் அவற்றைக் கடலில் விடுவார்கள். உள்ளங்கை அளவுகூட இல்லாத குஞ்சு, அலையைப் பார்த்துத் தத்தித் தத்திப் போவதைப் பார்த்த குழந்தை அதை லேசில் மறக்காது. போன் ஃபிளாஷ் மட்டும் போடாதீர்கள், வெளிச்சத்தைப் பார்த்தால் குஞ்சுகள் திசை மாறிவிடும்.

சிதம்பரம் பக்கம் போனால் பிச்சாவரம். அலையாத்தி மரங்களுக்கு நடுவே படகு போகும்போது கிளைகள் தலைக்குமேல் பந்தல் போட்டிருக்கும். துடுப்புப் படகை எடுங்கள். மோட்டார் படகு வேகமாகப் போகும், ஆனால் அந்தக் குறுகலான கால்வாய்களுக்குள் நுழைய முடியாது.

ட்ரெக்கிங் போகலாமா?

2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் உயிரிழந்தார்கள். காய்ந்த புல்லும் காற்றும் சேர்ந்தால் தீ மனிதனைவிட வேகமாக மலை ஏறும். அதனால் கோடைக்காலத்தில், வனத்துறை அனுமதி இல்லாமல், "எங்களுக்கு ரூட் தெரியும்" என்று சொல்லும் யாரோடும் காட்டுக்குள் போகவே கூடாது. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 பாதைகளுடன் மலையேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. வழிகாட்டியோடு போகலாம், இணையத்தில் பதிவு செய்யலாம். தீ அபாயம் உள்ள மாதங்களில் அதையும் நிறுத்திவைப்பார்கள். திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள்.

வேடந்தாங்கலுக்கும் இப்போது போக வேண்டாம். பறவைகள் நவம்பர் முதல் மார்ச் வரைதான். மே மாதம் போனால் வறண்ட ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

காசே வேண்டாம், தெருவிலேயே விளையாடலாம்

பயணம் போக முடியாத குடும்பங்கள்தான் அதிகம். அவர்களுக்கும் கோடை ஒன்றும் வஞ்சனை செய்யவில்லை. நுங்கு சீசன் இது. நுங்கைத் தோண்டித் தின்ற பிறகு கிடைக்கும் இரண்டு கூந்தல்களை எடுத்து, ஒரு குச்சியின் இரு முனையிலும் செருகினால் சக்கரம் தயார். நுனியில் கவட்டை உள்ள நீளக் கம்பை அச்சுக்குச்சியில் வைத்துத் தள்ளினால் நுங்கு வண்டி ஓடும். பம்பரம், கோலி, நொண்டி, பச்சைக்குதிரை எல்லாம் சாயங்காலம் 5 மணிக்கு மேல் தெருவிலேயே ஆடலாம். பட்டமும் விடலாம், சாதாரண நூலில். கண்ணாடித்தூள் தடவிய மாஞ்சா நூலுக்குத் தடை இருக்கிறது. பைக்கில் போகிறவர்களின் கழுத்தை அறுத்த சம்பவங்களுக்குப் பிறகு வந்த தடை அது.

வெயில் தாக்கினா என்ன செய்யணும்?

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் உடனே நிழலுக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுங்கள். கையில் ஓ.ஆர்.எஸ். இல்லாவிட்டால், ஒரு லிட்டர் குடிநீரில் ஆறு சமமான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொடுக்கலாம். பேச்சு குழறினாலோ, ஆளே அடையாளம் தெரியாமல் உளறினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ அது வெப்ப வாதம். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி வையுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.

"ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்" என்று பூட்டிய காரில் குழந்தையை விட்டுப் போகவே கூடாது. பத்து நிமிடத்திலேயே உள்ளே சுமார் 10 டிகிரி ஏறிவிடும். கோடை மழை இடியோடு வந்தால் மரத்தடியில் ஒதுங்காதீர்கள். கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள்.

கடைசியாக வானத்தையும் பாருங்க

திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையில் காவலூர் என்ற இடத்தில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986-ல் திறக்கப்பட்ட அதன் பெரிய தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். பொதுமக்கள் பார்வைக்கு சனிக்கிழமைகளில் அனுமதிப்பார்கள். மேகம் இருந்தால் ஏமாற்றம்தான் என்பதால் முன்கூட்டியே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு மொட்டை மாடியே போதும். ஏப்ரலில் ஒரு நாள், உச்சிவேளையில் சூரியன் சரியாக நம் தலைக்கு மேலே வரும். அப்போது நேராக நிற்கும் எந்தப் பொருளுக்கும் நிழல் விழாது. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கில், மதுரையில் 16 வாக்கில், சென்னையில் 24 வாக்கில் இந்த நிழலில்லா நாள் வரும். சரியாக 12 மணிக்கு அல்ல, சில நிமிடம் தள்ளி. சென்னையில் ஏறக்குறைய 12.07, மதுரையில் 12.17. ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு 12 மணியிலிருந்தே பிள்ளைகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். நிழல் சுருங்கிச் சுருங்கி டம்ளருக்கு அடியிலேயே ஒளிந்துகொள்ளும். வெயிலில் நிற்பது கால் மணி நேரம்தான், தலையில் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள். ஏப்ரலில் தவறவிட்டவர்களுக்கு சென்னையில் அடுத்த வாய்ப்பு ஆகஸ்ட் 18 வாக்கில்.